பாதி வயிறு – 11: சாவி

சர்க்கரை ரோஜாவை எடுத்து வைக்கும்போது கை நடுங்கக் கூடாது. இடுக்கி கொஞ்சம் அழுத்தினாலும் இதழ் பொடிந்துவிடும்.

இரண்டாவது ரோஜாவும் பொடிந்தது.

"தள்ளும்மா, நான் வைக்கிறேன்." மகள் இடுக்கியை வாங்கிக்கொண்டாள்.

"கை ஈரமா இருக்கு, அதான்."

"ம்."

அந்த 'ம்'முக்கு அர்த்தம் கேக் அக்காவுக்குத் தெரியும். பழம் ஊறவைக்கிற ரம் பாட்டிலை வாயில் வைத்தபடி அவள் மகளிடம் பிடிபட்டதை நாம் போன வாரம் பார்த்தோம். "அப்பாகிட்ட சொல்லிடாதே குட்டி, இனிமே சத்தியமா தொடமாட்டேன்" என்று அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுததையும் பார்த்தோம். மகள் சொல்லவில்லை. அம்மாதான் தொடாமல் இருக்கவில்லை.

தெருவில் எல்லோருக்கும் அவள் கேக் அக்கா. வீட்டின் பின்பக்க அறையில் இரண்டு ஓவன், ஒரு நீள மேஜை, ஜன்னலோரம் ஊறும் பழங்கள் நிறைந்த ஜாடிகள். இத்தனை வருடமாக அதுதான் அவள் ராஜ்யம். கேக்கை மட்டம் செய்யும்போது வெட்டி விழும் ஓரத்துண்டுகளைத் தின்றே வளர்ந்த உடம்பு என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டை எடுப்பாள்.

முட்டி தேய்ந்தது. சர்க்கரை ஏறியது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. "ராத்திரி பூரா உன் மூச்சை எண்ணிக்கிட்டே படுத்திருக்கேன், என்னால முடியலை" என்று கணவர் ஒருநாள் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். அதற்குப் பிறகுதான் அவள் வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தாள்.

இப்போது உடம்பில் பாதி இல்லை. மாத்திரைகள் நின்றுவிட்டன. மாடிப்படி மூச்சு வாங்காமல் ஏறுகிறாள். அதெல்லாம் பொய்யில்லை.

ஆனால் பசிக்காகவா அவள் சாப்பிட்டாள்? கோபம் வந்தால் சாப்பிட்டாள். வேலை முடிந்த நிம்மதிக்குச் சாப்பிட்டாள். யாராவது முகம் கோணினால், அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள். வயிற்றைச் சின்னதாக்கியவர்கள் அந்தக் கோபத்தையும் பயத்தையும் சின்னதாக்கவில்லை. அவை பழைய அளவிலேயே இருந்தன. அவற்றைக் கொண்டுபோய் வைக்கத்தான் இடமில்லை.

"க்ரீம் பாரு குட்டி" என்று கரண்டியை நீட்டினாள்.

மகள் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தாள். "எலுமிச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"இனிப்பு?"

"சரியா இருக்கு."

அவளால் இப்போது தன் கேக்கைத் தானே ருசி பார்க்க முடியாது. ஒரு விரல் க்ரீம் உள்ளே போனால் போதும். நெஞ்சு படபடத்து, உடம்பெல்லாம் வேர்த்து, கட்டிலில் போய் விழ வேண்டியதுதான். மகளின் நாக்கை வைத்துத்தான் தொழில் ஓடுகிறது. அந்த மகளும் அடுத்த மாதம் கிளம்புகிறாள். வெளிநாட்டில் ஒரு பெரிய சமையல் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. எத்தனையோ பேர் விண்ணப்பித்து, சிலருக்கு மட்டும் கிடைத்த இடம்.

"நீ போயிட்டா எனக்கு யாருடி ருசி பார்ப்பா?"

விளையாட்டாகக் கேட்க நினைத்த கேள்வி. குரல் காலை வாரிவிட்டது.

மகள் ரோஜாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் போகாம இருக்கணுமாம்மா?"

"சீ, பைத்தியம். போ, போ. நல்லா போ."

கணவர் உள்ளே எட்டிப் பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக். தோளில் கருவிப்பை, சட்டைப்பையில் டார்ச். கல்யாணமான புதிதில் அவளை லிஃப்டில் ஏற்றிவிட்டு, "எட்டுப் பேர் ஏறலாம்னு போட்டிருக்கு. ஆறு பேர் வந்தாச்சு" என்பார். அவள் முதுகில் ஒன்று வைப்பாள். இப்போது வேறு ஜோக்.

"ஏம்மா, காத்து பலமா அடிக்குது. கேக்கைக் கெட்டியா பிடிச்சுக்க, பறந்துடப் போற."

அவள் சிரித்தாள். அவருக்காகச் சிரிப்பது பழகிவிட்டது.

"சாயங்காலம் சீக்கிரம் வர்றேன். வெளியே போய்ட்டு வரலாம். உன்னை யாருன்னு கேட்டா பொண்ணோட அக்கான்னு சொல்லிக்கலாம்."

"போங்க, வேலைக்கு நேரமாகுது."

அவருடைய போனில் அவளுடைய பழைய படமும் புதிய படமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வேலை செய்யும் கட்டடங்களில் எல்லாம் காட்டுகிறார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. முழுக்கை ரவிக்கைக்குள் தொங்கும் தோலை அவரிடம் காட்டியதில்லை. விளக்கை அணைத்துவிட்டுத்தான் உடை மாற்றுகிறாள். குளிக்கும்போது கையோடு வரும் முடியைப் பொத்திப் பொத்திக் குப்பையில் போடுகிறாள்.

'சாப்பாட்டைவிட மனசுதான் முக்கியம், மாசா மாசம் வந்து பேசுங்க' என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். முதல் சில மாதங்கள் போனாள். பிறகு ஆர்டர் நெருக்கடி என்றாள், வண்டி ரிப்பேர் என்றாள். மதுவைப் பற்றியும் சொல்லியிருந்தார்கள். "அதுக்குப் பக்கத்துலயே போகாதீங்க. மத்தவங்களுக்கு மூணு நாலு டம்ளர்ல ஏறுறது உங்களுக்கு ஒண்ணுல ஏறிடும். பழக்கமும் சீக்கிரம் பிடிச்சுக்கும்." அவளும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "எங்க வீட்டுக்குள்ள அது வர்றதே கேக்குக்காகத்தான் டாக்டர்!"

அன்று சிரித்த சிரிப்பு இப்போதும் அவள் காதில் கேட்கிறது.

மகள் வண்டியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கப் போயிருந்தாள். ஜாடிகளுக்குப் பின்னாலிருந்த பாட்டிலை எடுத்து, எவர்சில்வர் டம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கு. மருந்து மாதிரி. கொஞ்ச நேரத்தில் கை நடுக்கம் நின்றது.

அதுதான் அவளுக்கு அதிகப் பயம் தந்தது.

*

ஒரு தம்பதியின் இருபத்தைந்தாவது மண நாள் விருந்து. ஹோட்டலின் முதல் மாடி மண்டபம். மூன்று அடுக்குக் கேக்கை அலுங்காமல் கொண்டுபோய் மேஜையில் வைத்தார்கள். ரோஜா ஒன்றுகூட உதிரவில்லை.

"ஐயோ, நீங்களா! எனக்கு அடையாளமே தெரியலையே!" விருந்து கொடுக்கும் அம்மாள் அவள் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏங்க, இங்க வாங்களேன், இவங்களைப் பாருங்களேன்!"

நாலு பேர் கூடினார்கள். எத்தனை கிலோ, என்ன சாப்பிடுகிறீர்கள், வலித்ததா, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கே. கேக்கை யாரும் பார்க்கவில்லை. அவள் கேக்கை யாரும் பார்க்காமல் போனது அதுதான் முதல் தடவை.

மகள் மிச்சப் பெட்டிகளை எடுக்கக் கீழே போனாள். கேக் அக்கா மூச்சுவிட இடம் தேடி மண்டபத்தின் ஓரத்துக்கு வந்தாள்.

அங்கே சோபாவில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் உட்காரும் சோபா. அவளுக்கே சரியாக இருந்தது. மடியில் தட்டு, தட்டின் மேல் காகித நாப்கின். சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று அப்படி மூடுவார்கள். கேக் அக்காவுக்கு அந்த வித்தை தெரியும். எத்தனை விருந்துகளில் அவளும் அப்படி மூடியிருக்கிறாள்!

"அக்கா, ஒரு நிமிஷம் உட்காருவீங்களா?" என்றாள் அந்தப் பெண். "விருந்து குடுக்கிறவங்க தங்கச்சி நான். எனக்கும் அந்த ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சு."

"அப்படியா?"

"எல்லாரும் பண்ணிக்கோ பண்ணிக்கோங்கிறாங்க. பண்ணிக்கிட்டவங்களை நான் இப்பத்தான் நேர்ல பார்க்கறேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உண்மையைச் சொல்லுங்கக்கா. நீங்க நல்லா இருக்கீங்களா?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. எத்தனை கிலோ என்றுதான் கேட்டார்கள்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. 'பண்ணிக்கோ, உன் உயிருக்கு நல்லதுதான். ஆனா அதுக்கப்புறம் பேசறதுக்கு ஒரு ஆளை வச்சுக்கோ. கூப்பிட்ட நாளெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போ. என்னை மாதிரி ஏமாத்தாதே. நான் நல்லா இல்லைம்மா. நான் கொஞ்சம்கூட நல்லா இல்லை.'

அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கேனே" என்றாள் கேக் அக்கா. "ரொம்ப நல்லா இருக்கேன்."

அந்தப் பெண்ணின் கண்ணில் விளக்குப் போட்டது போல் ஆயிற்று. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. கேக் அக்கா எழுந்து, யாரோ தட்டில் கொண்டுவந்த ஒயின் டம்ளர்களில் ஒன்றை எடுத்தாள். தூணுக்குப் பின்னால் நின்று குடித்தாள். பிறகு இன்னொன்று.

*

"சாவியைக் குடும்மா."

வண்டி நிறுத்துமிடத்தில் வெயில் தரையில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. மகள் கையை நீட்டியபடி நின்றாள்.

"ஏன்?"

"நான் ஓட்டறேன்."

"போன மாசம் லைசென்ஸ் வாங்கினவ எனக்குச் சொல்லித் தர்றியா?"

"அம்மா, வாடை வருது."

"கேக்குல ஊத்தினது."

"காலையில ஊத்தலையேம்மா நீ." மகளின் கண் கலங்கிவிட்டது. "ப்ளீஸ்மா. குடு."

குடுத்திருக்கலாம். ஒரு வினாடி வேலை. ஆனால் அன்று முழுக்க அவளிடமிருந்து ஒவ்வொன்றாக யாரோ வாங்கிக்கொண்டே இருந்தார்கள். இடுக்கியை வாங்கினார்கள், ருசியை வாங்கினார்கள். சாவியும் போனால் மிச்சம் என்ன?

"எனக்கு ஒண்ணும் இல்லை. ஏறு."

மகள் ஏறினாள். அம்மாவைத் தனியாக விட மனசில்லாமல் ஏறினாள்.

முதல் திருப்பம் சரியாக வந்தது. இரண்டாவதும். பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் சாலை அவளுக்கு இரண்டாகப் பிரிந்து, மறுபடி ஒன்றானது. சாலையோரம் ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்தி, ஒருவர் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு தூரத்தில் இருப்பது போலத்தான் தெரிந்தது.

"அம்மா! அம்மா!"

அந்த மனிதர் தலையைத் தூக்கினார். முன்கண்ணாடி வழியே அவர் கண்ணும் அவள் கண்ணும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன.

பிறகு சத்தம்.

வண்டி நின்றபோது சாலையெல்லாம் பித்தளைக் குழாய்களும் நட்டுகளும் உருண்டுகொண்டிருந்தன. குழாய் வேலைக்காரர். பை கிழிந்து சாமான் சிதறியிருந்தது. அவர் ஸ்கூட்டருக்கு அடியில் கிடந்தார். கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

கேக் அக்காவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. எடுக்கத் தெரியவில்லை.

மகள் தன் மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுற்றி ஓடி வந்தாள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"இறங்கும்மா. இறங்கு. சீக்கிரம்."

இழுத்து இறக்கி, வண்டியின் மறுபக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். பெட்ரோல் பங்க் ஆட்கள் ஓடி வந்தபோது டிரைவர் கதவின் பக்கத்தில் மகள் நின்றாள்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்று கத்தினாள். "நான்தான் இடிச்சிட்டேன். நான்தான்."

*

மருத்துவமனை நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மகளின் மணிக்கட்டில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். குழாய்க்காரர் உள்ளே இருந்தார். இன்னும் நினைவு வரவில்லை என்றார்கள்.

"குட்டி" என்றாள் கேக் அக்கா மெதுவாக. "நான் சொல்லிடறேன்."

"பேசாம இரும்மா."

"நீ அடுத்த மாசம்..."

"உன்னை உள்ளே வச்சிடுவாங்கம்மா. நீ அங்க ஒரு நாள் தாங்கமாட்ட. தண்ணியையே ஒரு மடக்கு ஒரு மடக்காக் குடிக்கிற ஆளு." மகள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "என்னை ஊதச் சொன்னாலும் ஒண்ணும் வராது. தெரியாம நடந்துடுச்சுன்னு விட்டுடுவாங்க."

போலீஸ்காரர் வந்தார். வயசானவர், நிதானமானவர்.

"வண்டியை ஓட்டினது யாரு?"

"நான் சார்."

"லைசென்ஸ்?"

மகள் இடக்கையால் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒரு கருவியை நீட்டினார். மகள் ஊதினாள். அவர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு மூக்கைச் சுருக்கினார். கேக் அக்கா பக்கம் திரும்பினார்.

"அம்மா மேல வாடை வருதே?"

"ரம் சார்" என்றாள் மகள் சட்டென்று. "நாங்க கேக் பண்றவங்க. பழக் கேக்குல ஊத்துவோம். மோதினப்ப பாட்டில் அம்மா மேல கொட்டிடுச்சு."

பொய் எவ்வளவு சுத்தமாக வந்தது! எத்தனை நாளாக இவள் எனக்காக இப்படித் தயாராகிக்கொண்டிருந்தாள்?

"வெளிநாடு போறேன்னு நர்ஸ்கிட்ட சொன்னியாமேம்மா" என்றார் போலீஸ்காரர், எழுதிக்கொண்டே. "கேஸ் முடியற வரைக்கும் போக முடியாது. அந்த ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அது வேற கதை. தெரியும்ல?"

"தெரியும் சார்."

அவர் வார்டுக்குள் போனார்.

கேக் அக்கா எழ நினைத்தாள். இப்போதே பின்னால் போய்ச் சொல்லிவிட வேண்டும். அவளையும் ஊதச் சொல்வார்கள். எல்லாம் தெரிந்துவிடும். கணவருக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், அந்தச் சோபாப் பெண்ணுக்கும் தெரியும். இதோ எழுகிறேன். இன்னும் ஒரு நிமிஷம். அந்த நிமிஷம் போனது. அடுத்ததும் போனது. உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க ரத்தத்திலிருந்து அது இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் அவள் உடம்பில் அத்தாட்சி ஒன்றும் மிஞ்சாது.

கணவர் ஓடி வந்தார். கையில் மசகெண்ணெய்க் கறை, ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது. நேராக மனைவியிடம் வந்து, அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே? எங்கேயாவது அடிபட்டுச்சா? வயித்துல பட்டுச்சா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் வாடை வரும். திறக்கவில்லை.

அவர் மகள் பக்கம் திரும்பினார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு பயமெல்லாம் கோபமாக வந்தது.

"அறிவிருக்கா உனக்கு? நேத்து முளைச்சவ. அம்மா இவ்வளவு காலமா ஓட்டறா, ஒரு கீறல் உண்டா? அவ உடம்பு இருக்கிற நிலைமையில அவளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வண்டி ஓட்டக் கேக்குதா உனக்கு?"

"தப்புதாம்ப்பா."

"உள்ளே ஒரு மனுஷன் உயிருக்குப் போராடிக்கிட்டிருக்காண்டி!"

"தெரியும்ப்பா."

அவர் கையை ஓங்கினார். பிறகு அந்தக் கையால் தன் முகத்தையே மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். இவ்வளவு வருடத்தில் மகளை அவர் அடித்ததில்லை. அடிக்க ஓங்கியதும் இல்லை.

சொல்லு, என்று கேக் அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்ப சொல்லு. புருஷன்கிட்ட மட்டுமாவது சொல்லு.

அவருடைய அறுந்த செருப்பு வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார்டுக் கதவு திறந்தது. போலீஸ்காரர் வெளியே வந்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு.

"அவருக்கு நினைவு வந்துடுச்சு. பேசறாரு."

"அப்பாடா" என்று கணவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "உயிருக்கு?"

"பயமில்லையாம். காலைத்தான் இப்ப சொல்ல முடியாதுங்கிறாங்க." போலீஸ்காரர் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தார். "வண்டியை ஓட்டினவங்களைப் பார்க்கணும்கிறாரு. முகத்தைப் பார்த்தா அடையாளம் சொல்லுவேன்கிறாரு. வாங்க."

நடைபாதையின் கோடியில் யாரோ இருமினார்கள். ஒரு நர்ஸ் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. வெறும் களைப்பு. பத்தொன்பது வயசு முகத்தில் இருக்கக் கூடாத களைப்பு.

பிறகு கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு எழுந்தாள்.

அம்மா எழவில்லை.